அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி: எந்தப் பெட்டி, எந்தப் போன்?

"முப்பது பேர் இருக்கிற ஆபீஸ். சர்வர் எவ்வளவு பெருசா வாங்கணும்?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். கேட்பவர் கையில் அதற்குள் இரண்டு கொட்டேஷன் இருக்கும். ஒன்றில் ரேக்கில் மாட்டுகிற பெரிய சர்வர் இருக்கும். மற்றதில் பெட்டியே வேண்டாம், எல்லாம் கிளவுடில் என்றிருக்கும். இரண்டு விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எதை நம்புவது என்று தெரியாமல் மனிதர் தவித்துப்போயிருப்பார்.

பல அலுவலகங்களில் இணையத் தொலைபேசி அமைத்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அழைப்புகளை இணைத்துவிடும் கணினியான சர்வரின் வேகம் போதாமல் போன் சிஸ்டம் படுத்த இடங்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். மெமரி கார்டு தேய்ந்துபோனது, ஸ்விட்சுக்கு யூபிஎஸ் போட மறந்தது, ரௌட்டரில் ஒரு டிக்கை எடுக்காமல் விட்டது, எல்லாம் தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போனது... படுத்ததெல்லாம் இப்படித்தான். அதனால் ப்ராசஸரைப் பற்றிக் கொஞ்சமாகவும் இந்த விஷயங்களைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

## விலையைப் பார்க்கும் முன் ஐந்து கேள்விகள்

ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள்? முப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தால் முப்பது லைன் தேவை என்று கணக்குப் போட வேண்டாம். இதற்கென்றே நூறாண்டு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் எர்லாங் 1909லும் 1917லும் வெளியிட்டது. மிகவும் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 100 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 நிமிடம். அதை 60ஆல் வகுத்தால் 5 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் ஐந்து அழைப்புகள். இதற்கு 10 லைன் வைத்தால் நூற்றில் கிட்டத்தட்ட இரண்டு அழைப்புகளுக்கு லைன் கிடைக்காது. 11 வைத்தால் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். ஆக, முப்பது பேருக்கு 11 லைன் தாராளம். இப்போதைய போன் பில்லை எடுத்து, அதிக அழைப்பு வந்த ஒரு நாளைப் பிரித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

இணைய வேகத்தையும் இதே எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். ஜி.711 என்ற கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) குரலுக்கு மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட். 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் வீதம், தலைப்புகளையும் ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 87 கிலோபிட் ஆகும். 11 அழைப்புக்கு ஒரு மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு. அப்லோடிலும் அவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சர்வருக்குக் கை மாற்றும் வேலை மட்டும்தானா? வந்த பாக்கெட்டை அப்படியே மறுபக்கம் தள்ளுவது எந்தக் கணினிக்கும் சுமையே இல்லை. ஒரு பக்கம் ஜி.729 என்ற வேறு கோடெக், மறுபக்கம் ஜி.711 என்றால் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். ப்ராசஸர் மூச்சு வாங்குவது அங்கேதான். கான்ஃபரன்ஸும் ரெக்கார்டிங்கும் அடுத்த சுமைகள். சாதாரண வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 58 எம்பி. 11 லைனும் எட்டு மணி நேரம் ஓயாமல் பேசினால் நாளுக்கு 5 ஜிபி. எத்தனை மாதம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

லைன் எந்த வழியில் உள்ளே வருகிறது? சிப் ட்ரங்க் (சிப் என்ற இணைய அழைப்பு நெறிமுறையில் வரும் லைன்) என்றால் நெட்வொர்க் கேபிள் போதும். பழைய செம்புக் கம்பியோ 30 சேனல் ஈ1 பிஆர்ஐ டிஜிட்டல் லைனோ இருந்தால் அதை இணைய அழைப்பாக மாற்ற ஒரு கார்டு அல்லது கேட்வே வேண்டும். நான் எப்போதும் கேட்வே பக்கம்தான். கார்டை ஒரு கணினியின் ஸ்லாட்டில் செருகிவிட்டால், அந்தக் கணினியை மாற்றும் நாளில் ஸ்லாட் பொருந்துமா, டிரைவர் கிடைக்குமா என்று தேடி அலைய வேண்டும். கேட்வே தனிப் பெட்டி. சர்வர் எதுவானாலும் அதற்குக் கவலை இல்லை.

கரண்ட் அல்லது இணையம் போனால் என்ன நடக்க வேண்டும்? "எதுவும் நடக்க வேண்டாம், மொபைலில் பேசிக்கொள்கிறோம்" என்பதும் நேர்மையான பதில்தான். மருத்துவமனையில் அப்படிச் சொல்ல முடியாது. அவசர அழைப்பு எந்த நிலையிலும் வெளியே போயாக வேண்டிய இடமென்றால் ஒரு மொபைல் சிம் கேட்வேயோ ஒரு பழைய லைனோ தனியாக வையுங்கள்.

யார் பார்த்துக்கொள்வார்? ஐந்தில் இதற்குத்தான் எடை அதிகம். லினக்ஸ் தெரிந்தவர் அலுவலகத்திலேயே இருக்கிறாரா? அவர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் வராத இடத்தில் எவ்வளவு நல்ல சர்வர் வைத்தாலும் ஒரு வருடத்துக்குள் அது யாரும் தொட அஞ்சுகிற பெட்டியாகிவிடும்.

## சர்வர்: ஆறு வழிகள்

### மூலையில் கிடக்கும் பழைய பிசி

பழகிப் பார்க்க இதைவிட நல்லது இல்லை. ஆஸ்டரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச் போன்ற போன் சர்வர் மென்பொருள் ஒன்றைப் போட்டு, இரண்டு போனைக் கட்டி, இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். நிரந்தரமாக வைக்க வேண்டாம். வருடக்கணக்காக உழைத்த ஹார்டு டிஸ்க்கும் பவர் சப்ளையும் இரவு பகல் ஓடுவதற்குத் தாங்காது. இருபத்து நான்கு மணி நேரமும் அது குடிக்கிற மின்சாரம் வேறு.

### ஒற்றை அட்டைக் கணினி

ராஸ்பெர்ரி பை போன்றவை. கோடெக் மாற்றம் இல்லாமல் ஏழெட்டு அழைப்புகளை அலட்டிக்கொள்ளாமல் சமாளிக்கும். இடைஞ்சல் மெமரி கார்டில் இருக்கிறது. போன் சர்வர் ஓயாமல் லாக் எழுதும், அழைப்புப் பதிவு எழுதும், வாய்ஸ்மெயில் எழுதும். இத்தனை எழுத்துக்கு அந்தக் கார்டுகள் செய்யப்பட்டவை அல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அமைப்பே கெட்டுப்போகலாம். யூஎஸ்பி வழியாக ஒரு எஸ்எஸ்டி மாட்டி அதிலிருந்தே பூட் செய்தால் பாதிக் கவலை தீரும். ஆனால் எஸ்எஸ்டி, நல்ல அடாப்டர், உறை, சிறு யூபிஎஸ் என்று சேர்த்துக்கொண்டே போனால் செலவு மினி பிசியின் பக்கத்தில் வந்து நிற்கும். ஐந்தாறு போன் உள்ள இடத்துக்கும் கிளை அலுவலகத்துக்கும் பொருந்தும்.

### மினி பிசி, அதிலும் இரண்டு

முப்பது பேர், நாற்பது பேர் அலுவலகத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். ஃபேன் இல்லாத உடல், எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம். பெரிய சர்வர் ஒன்றுக்கு ஆகும் பணத்தில் இவற்றில் இரண்டு வாங்கிவிடலாம். ஒன்று ஓடும், இன்னொன்று அலமாரியில் இருக்கும். ஓடுவதன் பேக்கப் தினமும் இரவில் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். பழுதானால் அலமாரியில் இருப்பதை எடுத்து, பேக்கப்பை ஏற்றி, அதே ஐபி முகவரியைக் கொடுத்து, அதே கேபிளைச் செருகினால் போன்கள் தாமாகவே திரும்பப் பதிவு செய்துகொள்ளும். ஒத்திகை பார்த்து வைத்திருந்தால் இந்த வேலை அரை மணி நேரத்தில் முடியும். ஒத்திகை பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: சில கட்டண மாட்யூல்களின் உரிமம் ஒரே வன்பொருளோடு கட்டப்பட்டிருக்கும். மாற்றுப் பெட்டியில் அது வேலை செய்யுமா என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

### ரேக் சர்வர்

இரட்டை பவர் சப்ளை, பிழை திருத்தும் ரேம், ஒன்று பழுதானாலும் தகவல் தப்பும் ரெய்டு டிஸ்க், தூரத்திலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் வசதி. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசி, எல்லாம் ரெக்கார்டாகும் கால் சென்டருக்கு இது நியாயமான செலவு. அதைவிடச் சிறிய இடத்தில் இதன் ஃபேன் சத்தமும், அறைக்குத் தேவைப்படும் ஏசியும், அதைத் தாங்குகிற யூபிஎஸ்ஸும் விலைப்பட்டியலில் வராத பாரங்கள்.

### ஏற்கெனவே ஓடும் விர்ச்சுவல் சர்வரில் ஓர் இடம்

அலுவலகத்தில் ஒரே சர்வருக்குள் பல கணினிகள் போல இயங்கும் விர்ச்சுவல் மெஷின்கள் ஏற்கெனவே ஓடுகின்றன, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறார் என்றால் தனிப் பெட்டியே வேண்டாம். அப்டேட் போடும் முன் அந்த நேரத்து நிலையை அப்படியே ஸ்னாப்ஷாட்டாக எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்றே பெரிய நிம்மதி. கவனிக்க வேண்டியது அக்கம்பக்கம். பக்கத்து மெஷினில் பெரிய பேக்கப் ஓடும்போது குரல் வெட்டி வெட்டி வரும். கோப்பு நகல் ஒரு விநாடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது, குரல் அப்படியில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை ஒரு திசைத் தாமதத்தை 150 மில்லி விநாடிக்குள் வைக்கச் சொல்கிறது. போன் மெஷினுக்கு ப்ராசஸர் பங்கை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

### கிளவுட்

இதில் இரண்டு வகை. ஒன்று, மாத வாடகைக்கு முழு பிபிஎக்ஸையும் (அலுவலக போன் இணைப்பகம்) எடுப்பது. மற்றது, வாடகை சர்வரில் நாமே ஆஸ்டரிஸ்க் போட்டுக்கொள்வது.

வாடகை பிபிஎக்ஸ், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத அலுவலகத்துக்கும் பல ஊர்களில் சிதறிய குழுவுக்கும் நல்ல தேர்வு. இணையம் போனாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு மொபைல் ஆப்பில் ஒலிக்கும், இல்லையென்றால் வாய்ஸ்மெயிலில் விழும். உள்ளூர் சர்வரில் அந்த நேரத்தில் வெளி அழைப்பு வாசலோடு நின்றுவிடும். மறுபுறம், இணையம் போன நேரத்தில் பக்கத்து அறைக்குக்கூடப் பேச முடியாது. இன்டர்காம் அழைப்பும் பெரும்பாலும் வெளியே போய்த் திரும்பித்தான் வரும். வாடகை தலைக்கு இவ்வளவு என்று இருப்பதால், நாளுக்கு ஒருமுறை ஒலிக்கும் வாசல் போனுக்கும் முழு வாடகை கட்ட நேரும். விலகும் நாளில் எண்ணை எடுத்துப்போக முடியுமா, பழைய ரெக்கார்டிங்குகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியுமா? கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் கேளுங்கள்.

நாமே போடும் கிளவுட் சர்வரில் வேறொரு அபாயம். சிப் அழைப்புகள் வரும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் கதவைத் தட்டுகிறவர்கள் உடனே வந்துவிடுவார்கள். புதிய சர்வரின் லாகைத் திறந்தால் "ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்" என்ற பெயரோடு 100, 101, 1000 என்று எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் வரிகள் ஓடுவதைப் பார்க்கலாம். எக்ஸ்டென்ஷன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்த ஒரு போன் கிடைத்தால் போதும். வார இறுதியில் கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துத் தள்ளிவிடுவார்கள். நீண்ட கடவுச்சொல், தெரிந்த ஐபிக்கு மட்டும் அனுமதி, தவறான கடவுச்சொல்லோடு முயல்பவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன், தேவையில்லாத வெளிநாட்டு அழைப்புக்குப் பூட்டு, ட்ரங்கில் நாள் உச்சவரம்பு. இவற்றில் எதையும் அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உள்ளூர் சர்வருக்கும் இதே விதிதான்.

| வழி | யாருக்குப் பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு | நின்றுபோனால் |
|---|---|---|---|
| பழைய பிசி | சோதனைக்கு | மின்சாரம், வயதான பாகங்கள் | பாகம் தேட வேண்டும் |
| ஒற்றை அட்டைக் கணினி | ஐந்தாறு போன் | கார்டு தேய்மானம், சேரும் உபரிகள் | நகல் எஸ்எஸ்டி இருந்தால் உடனே |
| மினி பிசி இரண்டு | 10 முதல் 40 பேர் | உரிமக் கட்டு, ஒத்திகை நேரம் | அரை மணி நேரம் |
| ரேக் சர்வர் | கால் சென்டர் | ஏசி, சத்தம், பெரிய யூபிஎஸ் | பெரும்பாலும் நிற்காமலே மாற்றலாம் |
| விர்ச்சுவல் | ஐடி ஆள் உள்ள அலுவலகம் | ஒதுக்கீடு, அக்கம்பக்கச் சுமை | ஸ்னாப்ஷாட்டிலிருந்து சில நிமிடம் |
| வாடகை கிளவுட் | ஆள் இல்லாத இடம், பல கிளைகள் | தலைக்கு வாடகை, வெளியேறும் சிரமம் | அவர்கள் சரிசெய்யும் வரை காத்திருப்பு |

மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்டரிஸ்க் 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கியது, இலவசம். இலவச மென்பொருளுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஆஸ்டரிஸ்க்கை இணையப் பக்கம் வழியாக நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் நிறுவல்களில் பல சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸின் மேல் அமர்ந்திருந்தன. அதன் ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்தது. ஃப்ரீபிபிஎக்ஸ் 17 டெபியன் 12 என்ற லினக்ஸுக்கு மாறியது. ஆஸ்டரிஸ்க் 21இல் பழைய சிப் டிரைவரையே எடுத்துவிட்டார்கள், இனி அதன் இடத்தில் வந்த பிஜேசிப் மட்டும்தான். பத்து வருடப் பழைய வழிகாட்டியைப் பார்த்துப் புதிய சர்வரை அமைக்க உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை முழு மறுநிறுவல் வரும் என்று செலவிலேயே எழுதி வையுங்கள்.

## போன்: நான்கு வகை

### மேசை ஐபி போன்

ரிசப்ஷன், கணக்குப் பிரிவு, மேலாளர் அறை ஆகிய இடங்களுக்கு இதற்கு ஈடில்லை. கணினி தூங்கினாலும் இது விழித்திருக்கும். வாங்கும்போது நான் பார்க்கும் விஷயங்கள் மூன்று.

மேசைக்கு ஒரே கேபிள் வருகிற இடத்தில் அதை முதலில் போனில் செருகி, போனின் இரண்டாவது போர்ட்டிலிருந்து கணினிக்குக் கொடுப்பது வழக்கம். விலை குறைந்த போன்களில் அந்த போர்ட் 100 மெகாபிட் மட்டும். அலுவலகம் முழுக்க ஜிகாபிட் ஸ்விட்ச் போட்டுவிட்டு, எல்லாக் கணினிகளையும் 100க்கு இறக்கிவிட்டு, "நெட் ஏன் மந்தமா இருக்கு?" என்று வாரக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது மின்சாரம். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 802.3ஏஎஃப் பிஓஇ தரத்தில் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரலாம். மின் தேவையில் இரண்டாம் வகுப்பு போன் ஒன்றுக்கு ஸ்விட்ச் 7 வாட் ஒதுக்கினால், முப்பது போனுக்கு 210 வாட். போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஸ்விட்ச் வாங்காமல் அதன் மொத்த வாட் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் போட்ட இடத்தில், கரண்ட் போனதும் உயிரோடு இருக்கும் சர்வரைச் சுற்றி முப்பது போனும் இருண்டு கிடக்கும்.

கடைசியாக, செகண்ட் ஹேண்ட் போன். சிஸ்கோவின் பழைய மாடல்கள் மலிவாகக் கிடைக்கும், கட்டுமானமும் நன்றாக இருக்கும். ஆனால் பலவற்றில் சிப் இருக்காது, அவர்களுடைய ஸ்கின்னி நெறிமுறை மட்டும் இருக்கும். ஒரு சேவை நிறுவனத்துக்கே பூட்டப்பட்ட போன்களும் சந்தையில் சுற்றுகின்றன. ஒன்றை வாங்கி, பதிவு செய்து, மணி அடித்துக் கேட்ட பிறகே மீதியை வாங்குங்கள்.

### சாஃப்ட்ஃபோன்

கணினியிலோ மொபைலிலோ ஓடும் போன் ஆப். போன் செலவு இல்லை என்பார்கள், ஹெட்செட் செலவு உண்டு. லேப்டாப்பின் சொந்த மைக்கில் வாடிக்கையாளரிடம் பேசினால் எதிரொலியும் பின்னணி இரைச்சலும் உங்கள் நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மொபைல் ஆப்பில் புஷ் அறிவிப்பு சரியாக அமையாவிட்டால், போன் பையில் தூங்கும்போது அழைப்பே வராது. ஆப்பில் ஓபஸ் கோடெக், ட்ரங்கில் ஜி.711 என்றால் முன்னே சொன்ன கோடெக் மாற்றச் சுமை சர்வரில் ஏறும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் ஊர் சுற்றும் விற்பனையாளருக்கும் இதுவே சரி.

### டெக்ட் கம்பியில்லா போன்

கிடங்கு, மருத்துவமனை வார்டு, பெரிய கடை. வைஃபை அலைவரிசையை இது தொடாது, அதனால் நெரிசல் இல்லை. கட்டடத்துக்குள் ஒரு பேஸ் நிலையம் சுமார் 50 மீட்டர் வரை எட்டும். இரும்பு அலமாரிகள் அதைச் சுருக்கிவிடும், ஆகவே நடந்து பார்த்துத்தான் பேஸ்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவுக்கான மாடலும் அமெரிக்காவுக்கான மாடலும் வெவ்வேறு அலைவரிசையில் இயங்குபவை. உங்கள் நாட்டுக்கு அனுமதிக்கப்பட்டதை வாங்குங்கள்.

### பழைய போனுக்கு ஏடிஏ

பழைய போனை இணையத் தொலைபேசியோடு இணைக்கும் சிறு பெட்டி இது. லிஃப்ட், வாசல், ஃபேக்ஸ். ஃபேக்ஸ் இருந்தால் ஏடிஏவும் ட்ரங்கும் ஃபேக்ஸை இணையத்தில் அனுப்பும் டி.38 நெறிமுறையைப் பேசுமா என்று உறுதி செய்யுங்கள். மற்றபடி இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

## யாருடைய கொட்டேஷனிலும் வராத செலவு

ஓர் அலுவலகத்தில் புது சிஸ்டம் போட்ட மூன்றாம் நாள் ரிசப்ஷனில் இருந்த பெண் என்னை அழைத்தார். "சார், ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள கட் ஆகிடுது. எல்லாக் காலும் ஒரே நேரத்துலதான் கட் ஆகுது." கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். 32 விநாடி. அடுத்த அழைப்பு, 32. அதற்கடுத்ததும் 32.

இந்த எண் சிப் நெறிமுறையிலேயே இருக்கிறது. அதை வரையறுத்து 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261 ஆவணத்தில் அடிப்படை நேரம் அரை விநாடி. அழைப்பை எடுத்த பக்கம் "சரி" என்று சொல்லிவிட்டு, மறுபக்கத்தின் ஒப்புதலுக்காக அதைப் போல 64 மடங்கு காத்திருக்கும். ஒப்புதல் வரவில்லையென்றால் அழைப்பைத் துண்டித்துவிடும். அங்கே ரௌட்டரில் இருந்த சிப் ஏஎல்ஜி என்ற வசதி, உதவி செய்கிறேன் என்று செய்திகளுக்குள் இருந்த முகவரிகளை மாற்றி, ஒப்புதலை வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த டிக்கை எடுத்ததும் சரியானது. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பது என்ற புகாருக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

நெட்வொர்க்கில் இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. போன்களைத் தனி விலானில் (அதே கேபிளுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) வையுங்கள். எல்எல்டிபி-மெட் நெறிமுறை தெரிந்த ஸ்விட்சும் போனும் இருந்தால் போன் தானே தன் விலானைக் கண்டுபிடித்துக்கொள்ளும். குரல் பாக்கெட்டுக்கு முன்னுரிமையைக் காட்டும் டிஎஸ்சிபி 46 முத்திரை குத்தி, ரௌட்டரில் அப்லோடுக்கு முன்னுரிமை கொடுங்கள். வெளி இணையத்தில் அந்த முத்திரையைப் பெரும்பாலும் யாரும் மதிப்பதில்லை. உங்கள் வாசல் வரை அது வேலை செய்தாலே போதும், ஏனெனில் நெரிசல் பெரும்பாலும் அந்த வாசலில்தான்.

## அந்த முப்பது பேர் அலுவலகத்துக்கு

பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்றால் இரண்டு மினி பிசி, 11 சேனல் சிப் ட்ரங்க், அசையாமல் உட்காரும் பன்னிரண்டு பேருக்கு ஜிகாபிட் மேசை போன், மீதிப் பேருக்கு ஹெட்செட்டோடு சாஃப்ட்ஃபோன், எல்லாவற்றுக்கும் அடியில் யூபிஎஸ்ஸோடு ஒரு பிஓஇ ஸ்விட்ச் என்று சொல்வேன். ட்ரங்க் தருபவரிடம், நம் சர்வர் பதில் சொல்லாவிட்டால் அழைப்பை ஒரு மொபைல் எண்ணுக்குத் திருப்பும் வசதியைக் கேட்டு வாங்கச் சொல்வேன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் வாடகை கிளவுட், போன்கள் அப்படியே. நல்ல சிப் போன் எந்தப் பக்கம் போனாலும் உடன் வரும். அதனால் பணம் இறுக்கமாக இருந்தால் பெட்டியில் குறைத்து போனிலும் ஸ்விட்சிலும் போடுங்கள்.

எதை எடுத்தாலும் முதலில் மூன்று போனோடு இரண்டு வாரம் ஓட்டுங்கள். இரண்டாவது வாரத்தில், பரபரப்பான ஒரு வேளையில், ரௌட்டரின் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்து உங்கள் எண்ணை அழைத்துப் பாருங்கள். பிறகு கேபிளைச் செருகிவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். எந்த போன் அடித்தது, எது அடிக்கவில்லை, எத்தனை நிமிடத்தில் திரும்பி வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு கொட்டேஷன் கொடுத்தவரிடம் போய் உட்காருங்கள்.